புதிய டேக் வீட்டுக்கு வந்த பின்: பர்ன்-இன் நாட்களைப் பயன்படுத்தும் முறை

கணினி தரும் எண் வடிவத் தரவை ஆம்ப்ளிஃபையருக்கான ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி, டேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி. அதைப் பெரும் விலை கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, அதை 100 மணி நேரமோ 300 மணி நேரமோ ஓடவிட்ட பிறகே அதன் ஒலியைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டும் என்பதுதான். இப்படி ஓடவிட்டுப் பழக்குவதையே பர்ன்-இன் என்கிறார்கள். 300 மணி நேரம் என்பது இரவு பகலாக ஓடவிட்டால் பன்னிரண்டரை நாள். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கேட்பவருக்கு ஐந்து மாதம். பொருளைத் திரும்பக் கொடுக்கக் கடை தரும் கெடு பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். எனவே, ஒலி மாறும் என்று காத்திருப்பதற்காக அல்லாமல், கருவியில் குறை இருந்தால் அதை வெளிக்கொணர்வதற்காகவும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் சேர்ப்பதற்காகவும் இந்த நாட்களைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

மணிக்கணக்கில் ஓடுவதால் உண்மையில் மாறும் பாகங்கள் உண்டு. ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் வளையமும் அதன் பின்னுள்ள, ஸ்பைடர் எனப்படும் நெளிவான தாங்கியும் அசைந்து அசைந்து இளகுவதால், ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு அலைவெண் சற்றுக் குறைவதை அளந்தே காட்டலாம். ஹெட்ஃபோனின் காதுமெத்தை அமுங்கி, காதுக்கும் கூம்புக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. டேக்கில் நிலைமை வேறு. நெடுநாள் கிடங்கில் கிடந்த கருவியின் மின்பகு மின்தேக்கியில் (எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்) மின்காப்பாக உள்ள ஆக்சைடு படலம் நலிந்திருந்தால், மின்னழுத்தம் கிடைத்ததும் அது மீண்டும் உருவாகிக் கசிவு மின்னோட்டம் குறைகிறது. இதற்கு வாரக்கணக்கு தேவையில்லை. கடிகாரத் துடிப்பைத் தரும் படிகமும் மின்தடைகளும் வெப்பநிலை சமப்படும்வரை நகர்கின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது முடிந்துவிடும். இது ஒவ்வொரு முறை குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கும்போதும் நிகழ்வது. அனுபவத்தால் கருவி பெறும் பக்குவம் அன்று. வாரக்கணக்கில் தவறாமல் மாறுவது கேட்பவரின் செவிப்பழக்கம். அந்த மாற்றமும் உண்மையானதுதான், ஆனால் அதைக் கருவியின் கணக்கில் எழுதுவது சரியல்ல.

பெட்டியைப் பிரித்ததும், பின்பக்கத்தில் மின்னழுத்தத் தேர்வு விசை இருக்கிறதா என்று பாருங்கள். 100 வோல்ட்டுக்கோ 115 வோல்ட்டுக்கோ அமைக்கப்பட்ட கருவியை நம் வீட்டின் 230 வோல்ட்டில் செருகினால் அதன் பர்ன்-இன் ஒரு நொடியில், சொல்லுக்கு ஏற்பவே, முடிந்துபோகும். மூன்று முனை பிளக்கை இயர்த் இல்லாத மாற்றுப் பிளக்கின் வழியே செருக வேண்டாம். மின்வெட்டின்போது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடவிடுவதையும் தவிர்ப்பது நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதைக் கருவியின் குறை என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

அடுத்து, கணினியிலிருந்து ஒலித்தரவு மாறாமல் டேக்கைச் சென்றடைகிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தார்கள் என்பதைக் கோப்பின் அலைவெண் சொல்கிறது. முதலில் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றையும் பிறகு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றையும் இயக்குங்கள். டேக்கின் முகப்பில் தெரியும் எண் அதற்கேற்ப மாற வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால், நடுவில் இயங்குதளம் எல்லாவற்றையும் மாற்றி அனுப்புகிறது என்று பொருள். விண்டோஸில், இயங்குதளத்தின் கலவையைத் தவிர்த்துத் தரவை நேரே டேக்குக்கு அனுப்பும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையோ தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரோ இதைத் தீர்க்கும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் அலைவெண்ணைக் கோப்புக்கேற்ப அமைக்கலாம். மென்பொருளின் ஒலியளவை முழுமையாக வைத்துவிடுங்கள். டேக்கில், மாற்றத்தின்போது உயர் அலைவெண்களை வடிகட்டும் டிஜிட்டல் ஃபில்டர் தேர்வுகள் இருந்தால் ஒன்றை மட்டும் தேர்ந்து சோதனை முடியும்வரை தொடாதீர்கள். மெதுவாகச் சரியும் ஃபில்டர்கள் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே உச்சஸ்தாயியைக் குறைக்கத் தொடங்குவதால், ஃபில்டரின் வேறுபாடு பர்ன்-இன்னின் விளைவாகத் தோன்றக்கூடும்.

இப்போது, பெரும்பாலோர் செய்யத் தவறும் ஒரு வேலை. ஒரு மணி நேரம் சூடேறியதும், டேக்கின் வெளியீட்டை, ஒலியைக் கணினியில் பதிய உதவும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் இணைத்து, நன்கு பழகிய பாடலின் இரண்டு நிமிடங்களை 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உடனே, எதையும் மாற்றாமல், அதே பகுதியை இரண்டாம் முறையும் பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்து எடுத்த இந்த இரண்டு பதிவுகளுக்கு இடையிலேயே சிறு வேறுபாடு இருக்கும். அது உங்கள் அளவீட்டு முறையின் சொந்தப் பிசகு. 200 மணி நேரம் கழித்து, அதே கேபிள், அதே இன்டர்ஃபேஸ், அதே உள்ளீட்டு அளவு, அதே சூடேற்ற நேரம் ஆகியவற்றோடு மூன்றாவது பதிவை எடுங்கள். டெல்டாவேவ் போன்ற மென்பொருள், இரு கருவிகளின் கடிகார வேறுபாட்டைச் சரிசெய்து ஒரு பதிவிலிருந்து மற்றதைக் கழித்து மிச்சத்தைக் காட்டும். முதல் நாளின் இரண்டு பதிவுகள் தந்த மிச்சமும் முதல் பதிவும் மூன்றாம் பதிவும் தந்த மிச்சமும் ஒரே அளவில் இருந்தால், இந்த முறைக்குத் தெரியும்படி கருவி மாறவில்லை என்பது உறுதி. மிச்சம் தெளிவாகக் கூடியிருந்தால், அது முன்னேற்றம் என்று மகிழ்வதற்கு முன், ஏதேனும் பாகம் பழுதாகி வருகிறதா என்று ஐயுறுங்கள். மூன்று மாதத்துக்கு முன் கேட்ட ஒலியை நினைவிலிருந்து எடுத்து இன்றைய ஒலியோடு பொருத்திப் பார்க்க எந்தச் செவியாலும் இயலாது என்பதால்தான் இவ்வளவு பாடு.

ஓடவிடுவது எளிது. இதற்கென விற்கப்படும் சிறப்பு ஒலிக்கோப்புகள் தேவையில்லை. எந்த இசையும் போதும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து வைத்தாலும் டேக் தன் வேலையை முழுமையாகவே செய்யும் என்பதால், வீட்டாரின் உறக்கமும் மின் கட்டணமும் தப்பும். ஆனால் தினமும் சிறிது நேரமாவது கேட்க வேண்டும். சடசடப்பு, இடையே ஒலி அறுபடுதல், ஒரு பக்கம் மங்குதல், இசை இல்லாதபோது கூடிவரும் இரைச்சல் ஆகியவையே தேட வேண்டிய அறிகுறிகள். மின்னணுக் கருவிகளின் பழுதுகள் வாழ்நாளின் தொடக்கத்தில் மிகுந்து, பிறகு நெடுங்காலம் குறைந்திருப்பது வழக்கம். தொழிற்சாலைகள் பாகங்களை வெப்பத்தில் ஓடவிட்டுச் சோதிப்பதும் இதற்காகவே. கோப்பின் அலைவெண் மாறும்போது ரிலே எனும் உள் மின்விசை கிளிக் என்று ஒலிப்பது குறையன்று. பெட்டியின் மேல் சில நொடிகள்கூடக் கை வைக்க முடியாத சூடு இருந்தால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள்; சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. உம்மென்ற தாழ்ந்த இரைச்சல் கேட்டால், யூஎஸ்பிக்குப் பதில் ஆப்டிக்கல் கேபிளை இணைத்துப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால், கணினி வழியே வரும் இயர்த் சுழலே (இரு கருவிகளின் இயர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் மின்சுற்றே) காரணம்.

பழைய டேக்கோடு ஒப்பிடும் கட்டத்தில் ஒலியளவைச் சமப்படுத்தாமல் எடுத்த முடிவு எதுவும் செல்லாது. ஒரு டேக் 2 வோல்ட்டும் மற்றது 2.3 வோல்ட்டும் தந்தால் வேறுபாடு 1.2 டெசிபல். அந்த அளவு வேறுபாடு, சத்தம் கூடியதாகத் தோன்றாமல், தெளிவு கூடியதாகவும் ஆழம் கூடியதாகவும் தோன்றும். சத்தம் கூடக்கூடத் தாழ்ந்த சுரங்கள் செவிக்கு ஒப்பீட்டளவில் வலுப்படும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைபடமாகத் தந்துவிட்டனர். எனவே 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மிதமான அளவில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, இரு டேக்குகளுக்கும் 1 சதவீதத்துக்குள் ஒரே வோல்ட் வருமாறு அமையுங்கள், அது 0.1 டெசிபலுக்குள் அடங்கும். மலிவான மல்டிமீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 200 ஹெர்ட்ஸ். அளவிடும் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரின் உயிர் அதில் இருக்கிறது.

பிறகு, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். வீட்டில் ஒருவர் பூவா தலையா போட்டு, விழுந்தபடி ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டை மாற்றி, தாளில் குறித்துக்கொள்ளட்டும். அவருடைய முகமும் விரலும் முகப்பு விளக்கும் கேட்பவருக்குத் தெரியக்கூடாது. 16 முறைகளில் 12 முறையாவது சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது வாய்க்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். ஒன்பது பத்து என்று வந்தால் அது வெறும் ஊகம். பகுதிகள் சிறியனவாக, பத்து இருபது நொடிகளாக இருக்கட்டும். தம்புராவின் நாதம் அடங்கும் விதம், மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியின் அடர்த்தி, வாய்ப்பாட்டில் மூச்சு விடும் இடங்கள் ஆகியவை வேறுபாட்டை எளிதில் காட்டிக்கொடுப்பவை. மோனோவில் பதிவான பழைய பாடல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் நட்டநடுவில் நிற்காவிட்டால் இரு பக்க அளவுகள் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

முடிவு ஏமாற்றமாக இருக்கலாம் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள். ஆடியோ எஞ்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் 2007-இல் வெளியான ஒரு சோதனையில், உயர்தெளிவு ஒலியின் வழியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி தர மாற்றத்தைப் புகுத்திக் கேட்கச் செய்தபோது, 554 முறைகளில் 276 முறையே சரியான விடை வந்தது. நல்ல டேக்குகள் இரண்டுக்கு இடையே வேறுபாடு கேட்காமல் போவது செவியின் குற்றமன்று. அப்போது, ரிமோட், உள்ளீடுகளின் எண்ணிக்கை, ஹெட்ஃபோனை இயக்கும் வலிமை, பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றை வைத்து, திரும்பக் கொடுக்கும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாகவே தீர்மானியுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மோகோலையும் தூக்கி எறிய வேண்டாம்.