ஈஸிக்கு மாற்றும் முன் டிவியில் கேம் மோடு

கன்சோல் கிரிக்கெட் கேமில் பந்து மட்டையில் படவே மாட்டேன் என்கிறதா? டிஃபிகல்ட்டியை உடனே ஈஸிக்கு இறக்காமல், டிவி செட்டிங்கில் கேம் மோடை ஆன் செய்துவிட்டு ரெண்டு ஓவர் ஆடிப் பாருங்கள்.

நிஜத்தில் மணிக்கு 140 கி.மீ. பந்து மட்டைக்கு வர சுமார் அரை நொடிதான் ஆகும், யதார்த்தமாக இருக்கவேண்டும் என்று செய்த கேம்களும் கிட்டத்தட்ட அந்த வேகத்தைத்தான் காட்டுகின்றன. சாதாரண மோடில் டிவி படத்தை மெருகேற்றிவிட்டுக் காட்டுவதால் கொஞ்சம் தாமதமாகிறது, பல டிவிகளில் அது 100 மில்லிநொடியைத் தாண்டிவிடும், அதாவது நீங்கள் பார்க்கும்போதே பந்து கால்வாசி வழி கிட்ட வந்திருக்கும். கேம் மோடு அந்த மெருகையெல்லாம் விட்டுவிடுகிறது. ஈஸிக்குப் போனாலும் பந்து படும்தான், ஆனால் சும்மா சுற்றினாலே சிக்ஸர், அதில் என்ன கிரிக்கெட் இருக்கிறது?

மொபைலிலோ கேமிங் மானிட்டரிலோ ஆடுபவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. மெதுவாக வரும் ஸ்பின்னுக்கும் அவுட்டாகிறீர்கள் என்றால் டிவி மேல் பழி போடாதீர்கள், பந்து திரும்புவதை நீங்கள் கவனிக்கவில்லை. அப்போது, தனித்தனியாக மாற்ற முடிகிற கேம் என்றால், பேட்டிங்கை மட்டும் ஒரு படி இறக்கிவிட்டு பவுலிங்கை அப்படியே விடுங்கள்.