வெறும் வயிறும் வெத்தலையும்: அறுபதுக்கு மேல் டெஸ்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அப்போதுதான் "ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோமா" என்று தோன்றும், கூட்டிப்போக மகன் வீட்டில் இருப்பான் என்பதால். நான் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தடைக்காலக் கணக்கு இல்லை. இருந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாக அப்போதுதான் நானும் என் வீட்டம்மாவும் ராமநாதபுரம் பஸ் ஏறுகிறோம்.

போன தடவை லேப் பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர். ரத்தம் எடுக்கிற பிள்ளை கேட்டது: "தாத்தா, எதுவும் சாப்பிட்டீங்களா?"

"இல்லத்தா. பச்சத்தண்ணி பல்லுல படல."

பிள்ளை அவர் வாயைப் பார்த்தது. சிவப்பு. "வெத்தலை?"

"வெத்தலை என்ன சாப்பாடா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்ன இரண்டு பேச்சில் இரண்டு தவறு இருக்கிறது. பாக்கும் புகையிலையும் நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றிவிடும். இனிப்புப் பாக்கு என்றால் சர்க்கரையும் சேர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தவறு பச்சைத்தண்ணீர் குடிக்காமல் வந்தது. வெறும் வயிறு என்றால் 8 முதல் 10 மணி நேரம் சாப்பாடு கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வயதான கையில் நரம்பு அகப்படாமல் இரண்டு மூன்று இடத்தில் குத்துவார்கள். உடம்பில் நீர் வற்றினால் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறிக் காட்டும். கிட்னிக்கு என்னவோ என்று வீடே பயந்துபோகும்.

அதே போல் "சீனி போடல, கருப்பட்டிக் காப்பிதான்" என்று சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நல்ல பொருள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ரத்தத்துக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். வெறும் வயிற்று டெஸ்டுக்கு முன்னால் பாலும் கூடாது.

மாத்திரை விஷயத்தை முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கம்போலப் போடச் சொல்வார்கள். சுகர் மாத்திரையும் இன்சுலினும் அப்படியல்ல. அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் பாதி வழியில் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். அது தாழ்சர்க்கரை. தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு அளவையே அது மாற்றிக் காட்டும்.

சாப்பிட்ட பிறகு எடுக்கிற டெஸ்டில்தான் குழப்பம் அதிகம். இரண்டு மணி நேரத்தை முதல் கவளம் வாயில் வைத்ததில் இருந்து எண்ண வேண்டும். கை கழுவியதில் இருந்து எண்ணுகிறோம். இன்னொன்று, என் வீட்டம்மா செய்வது. வீட்டில் நாலு இட்லி சாப்பிடுகிற ஆள், லேபுக்குப் பக்கத்து ஹோட்டலில் ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள். "என்னங்க, கூடிருச்சுன்னா டாக்டர் திட்டுவாருல்ல?" இது பரீட்சைக்குப் பிட் எடுத்துப் போகிற கதை. ஒன்றரை இட்லிக்கு வந்த அளவை வைத்து மருந்து எழுதுவார்கள். வீட்டில் நாலு இட்லி சாப்பிடுகிற உடம்புக்கு அந்த மருந்து பத்தாது. தினம் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, போடுகிற மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் இருக்கிறது. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு நாள் பத்தியத்தை வைத்து அதை ஏமாற்ற முடியாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் அது தப்பாகக் காட்டக்கூடும், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிரஷருக்கு வருவோம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கால்மேல் கால் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். மூத்திரம் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பட்டையைச் சுற்றியபின் பேசவும் கூடாது. நம் ஊரில் இது கஷ்டம். பட்டையைச் சுற்றும்போதுதான் நர்ஸம்மாவிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம்.

கருவாட்டைப் பற்றிப் பேசினால் என் வீட்டிலேயே சண்டை வரும், அதனால் சுருக்கமாக. "ஒரு துண்டுதானே" என்கிற அந்தத் துண்டே உப்புக்கட்டி. சாதா உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ரிப்போர்ட் வந்ததும் செய்கிற தவறு தனி ரகம். இப்போதெல்லாம் அது நம் கைக்கு வரும் முன்பே வாட்ஸ்அப்பில் துபாய்க்குப் போய்விடுகிறது. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, லேப் வாசலில் செருப்பு மாட்டும்போதே மகன் போன்: "என்ன வாப்பா, நாலு இடத்துல தடிச்ச எழுத்துல இருக்கு?" தடித்த எழுத்து என்றால் நோய் என்று அர்த்தமில்லை. சரியான அளவு என்று பக்கத்தில் போட்டிருப்பது, ஆரோக்கியமாக இருக்கிறவர்களில் 100-க்கு 95 பேருடைய அளவு. மீதி ஐந்து பேர் நன்றாக இருந்தாலும் வெளியேதான் நிற்பார்கள். மாஸ்டர் செக்கப் என்று ஒரே மூச்சில் 40 டெஸ்ட் எடுத்தால் ஒன்றிரண்டு தடித்து வருவது கணக்குப்படியே சரி. போன வருஷத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எப்படி ஏறியிறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஒரே லேபில் எடுப்பது நல்லது.

இன்னொன்று. நாற்பது வயதுக்காரனின் சர்க்கரை அளவை எழுபது வயதில் பிடிக்க ஓடக்கூடாது. உடம்பு தளர்ந்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி 8 வரை இருந்தாலும் டாக்டர்கள் விட்டுப்பிடிப்பார்கள். ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது அதைவிட ஆபத்து. துபாய் மகனுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் மறைப்பதில் முதலிடம் மூட்டுவலி மாத்திரைக்கு. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வோம், சொல்ல மாட்டோம். சில வலி மாத்திரைகள் மாதக்கணக்கில் போனால் கிட்னியைப் பதம் பார்க்கும், பிரஷரையும் ஏற்றும். வீட்டில் உள்ள எல்லா அட்டையையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு மேஜையில் கொட்டிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

அன்றாடத் தொல்லைகளில் பெரியது மூத்திரம். வழியில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் விடிந்ததில் இருந்து தண்ணீரே குடிக்காமல் ராமநாதபுரம் போய் வருகிறார்கள், அதுவும் சித்திரை வெயிலில். நீர்க்கடுப்பும் மயக்கமும் அப்படித்தான் வருகின்றன. தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்து, படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம். நீர் பிரிக்கிற மாத்திரையைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, லைட்டைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

காது அடைத்தால் கோழி இறகு, ஹேர்பின் எதுவும் வேண்டாம், அழுக்கு உள்ளேதான் போகும். கண் டெஸ்டில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், அன்று டிவிஎஸ் 50-ஐ எடுக்காதீர்கள்.

என் துறை என்பதால் ஒன்று. நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். வலை இழுத்து, உப்பு அள்ளித் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அதற்காக மனம் நொந்து திரும்ப வேண்டாம். 2021-ல் இருந்து செல்போனில் முகத்தைக் காட்டியே மத்திய அரசு பென்ஷன்காரர்கள் சான்று கொடுக்கலாம். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1-ஆம் தேதியே தொடங்கிவிடும். சொன்னால் தபால்காரர் வீட்டுக்கே வருவார்.

கடைசியாக எம்ஆர்ஐ ஸ்கேன், பெரிய காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுப்பது. வீட்டம்மாவின் முதுகு வலிக்கு எடுக்கச் சொன்னார்கள். போன பிறகுதான் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தி, திருகு இறுகிப்போய்விட்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்று நான் வாதாடினேன். அதில் கலந்த உலோகம் சூடாகலாம், படமும் கலங்கும் என்றார்கள், நியாயம்தான். அன்று முறை போய், பஸ் ஏறித் திரும்பினோம். மறுநாள் ஆசாரியிடம் போய் தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றினோம். நகை, செல்லு வாட்ச், காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று மூக்கில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு இரண்டாம் தடவை போனாள். வாசலில் நிறுத்திக் கேட்டார்கள்: "அம்மா, அது என்ன?"