நாற்பதுக்கு மேல் பனிச்சறுக்கு: கடலோரத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, 43 வயதில்தான் முதன்முதலாக ஸ்கீ என்னும் நீளமான சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டேன். வயது வந்தவர்களைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் பயம்தான். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. சாய்ந்த கணமே ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பிடிப்பதில்லை, அதன் பிறகு திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கற்க வேண்டியதில் பாதி, இந்தச் சாய்வை மறப்பதுதான்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடைகளைத் தயார்செய்யுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்வதுபோல் ஒரு நிமிடம் நிற்பதும், தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடப்பதும் உதவும். நம் ஊரில் மேடே கிடையாது என்பதால், ஒருமுறையாவது செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் மெதுவாக இறங்கிப் பாருங்கள்; ஏறுவதைவிட இறங்குவதுதான் இதற்கான பயிற்சி.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. காஷ்மீரின் குல்மார்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஒரு பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. உத்தராகண்டின் அவுலியிலும் சரிவுகள் உண்டு. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்திலிருந்து போகும் நாம் முதல் நாளை ஓய்வுக்கு விட்டுவிட வேண்டும். அங்குள்ள கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறி உச்சிக்குப் போவது நமக்கு வேடிக்கை பார்க்க மட்டுமே. கற்பவருக்கு அடிவாரத்துச் சிறு சரிவே போதும்.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் கூச்சப்படாதீர்கள். வாடகைக் கடை ஒன்றில் இரண்டு அளவு பெரியதைக் கொடுத்தபோது, நான் இரண்டு ஜோடி காலுறை போட்டுச் சமாளித்தேன். குதிகால் உள்ளே ஏறி இறங்கியதில் மாலைக்குள் இரு கணுக்கால்களிலும் கொப்புளம். இந்தப் பூட்ஸின் அளவு சென்டிமீட்டரில் வரும் என்பதால், வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று பாதத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டு, முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும். காலுறை மெல்லியதாக ஒன்றே போதும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டிய கருவி. அதை எடை, உயரம், வயது பார்த்துத்தான் முடுக்குவார்கள் என்பதால், எடையைக் குறைத்துச் சொல்லும் வழக்கமான பொய் இங்கே வேண்டாம். ஜீன்ஸும் வேண்டாம், பருத்தி நனைந்தால் உடம்பு விறைத்துவிடும்.

சரிவில் முதலில் கற்றுத்தருவது ஆப்பு வடிவம். ஸ்கீக்களின் முனைகள் ஒரு கையகலம் விட்டு நெருங்கியும், பின்புறங்கள் அகன்றும் குடிசைக் கூரையின் முகடுபோல் இருக்க வேண்டும். குதிகால்களை வெளிப்பக்கமாகத் தள்ளத் தள்ள வேகம் குறையும். இடப்பக்கம் திரும்ப வலது காலையும், வலப்பக்கம் திரும்ப இடது காலையும் அழுத்த வேண்டும். நிற்கும் நிலைக்கு, கடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: முழங்கால்கள் தளர்ந்து, கைகள் முன்னால், பார்வை தூரத்தில். கீழ்க்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தால் எடை முன்னால் இருக்கிறது என்று பொருள். அந்த அழுத்தம் விட்டுப்போனால் மறுபடி பின்னால் சாய்ந்துவிட்டீர்கள்.

விழப்போவது தெரிந்தால் பின்னால் உட்காராமல் பக்கவாட்டில் இடுப்பால் விழுங்கள். உட்கார முயன்றால் முழங்கால் தசைநார் கிழியக்கூடும். ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரல் மூட்டு பிசகும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். எழும்போது ஸ்கீக்கள் உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் எழுந்த வேகத்தில் வழுக்கிப் போவீர்கள்.

மதியத்துக்குப் பின் தொடை நடுங்கத் தொடங்கும்போதுதான் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனம் கெஞ்சும். அப்போது ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சரிவின் ஓரமாக நடந்தே இறங்கிவிடுங்கள்.