சர்க்கரை இல்லாத சாக்லேட்டும் என் வயிற்று உப்புசமும்

பத்து நாளாக மாலை ஐந்து மணி ஆனால் வயிறு பலூன் போல உப்பும், கடகடவென்று சத்தம் போடும், இரவுக்குள் இரண்டு மூன்று முறை தண்ணீராகப் போகும். காலையில் ஒன்றுமே இருக்காது.

முதலில் பாலைச் சந்தேகப்பட்டு நிறுத்தினேன். மாற்றமில்லை. அப்புறம் பருப்பு, வெளிச் சாப்பாடு எல்லாவற்றையும் விட்டேன், அதிலேயே நான்கு நாள் போனது.

கடைசியில் சாப்பிட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்தபோதுதான் மதியம் தின்ற சர்க்கரையில்லா சாக்லேட் கண்ணில் பட்டது. உறையில் பொருள் பட்டியலின் முதல் பெயரே மால்டிடால். இது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பு (பெயரில்தான் ஆல்கஹால், மது இல்லை). சிறுகுடல் இதை முழுதாக உறிஞ்சாது, மீதி குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். சில மணி நேரம் கழித்துத் தொந்தரவு வருவதால்தான் நான் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாக்லேட்டை நிறுத்தியதும் பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பலரும் கவனிக்காத இடம் இதுதான்: நாள் முழுக்க மென்ற சூயிங்கத்தில் அதே வகையைச் சேர்ந்த சார்பிட்டால் இருந்தது, உறையில் வெறும் ஈ420 என்ற உணவுச் சேர்க்கை எண்ணாக (மால்டிடாலுக்கு ஈ965). அதையும் விட்ட இரண்டாம் நாள் வயிறு அமைதியானது, பெரிய நிம்மதி.

இப்போது இனிப்பு வேண்டுமென்றால் அதே வகையில் எரித்ரிட்டால் என்ற இனிப்பு சேர்த்ததைக் கொஞ்சமாக எடுக்கிறேன். அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு சிறுநீரில் போய்விடுகிறது, எனக்கு ஒத்துக்கொள்கிறது.