மாங்காய் லோடும் மங்கலான எழுத்தும்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு லோடு பதிவு செய்யும் ஆப். விவசாயிகள் பாதியிலேயே விட்டுவிட்டு மேனேஜருக்கே போன் அடித்தார்கள். "இன்னும் வசதி சேர்க்கணும்" என்றார் முதலாளி. ஆப்பைச் சீரமைக்க வந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தூர் தோப்பு ஒன்றில் அவர்கள் பதிவு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், வாயைத் திறக்காமல். அதுதான் கஷ்டம்.

மே மாத வெயிலில் வெள்ளைத் திரையில் சாம்பல் எழுத்து தெரியவே இல்லை. திரை எல்லோருக்கும் எளிதாகத் தெரியவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. நான் நேராகக் கறுப்புக்கே மாற்றினேன். பட்டன்களை 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரமாக்கினேன்.

பெரிய தலைவலி ஓடிபி. எஸ்எம்எஸ் பார்க்கப் போய்த் திரும்பினால், பழைய போன்களில் ஆப் முதலிலிருந்து தொடங்கும், நிரப்பியதெல்லாம் காலி. ஆண்ட்ராய்டின் எஸ்எம்எஸ் ரெட்ரீவர் என்ற வசதியைச் சேர்த்தேன். அனுமதி கேட்காமலே ஓடிபியை எடுத்துக்கொள்ளும். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் ஆப்புக்குரிய 11 எழுத்துக் குறியீடு இருக்கவேண்டும். அதற்காக, நிறுவனங்கள் எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டிய டிஎல்டி தளத்தில் டெம்ப்ளேட்டை மறுபடி பதிவு செய்ய அலைந்தது தனிக்கதை. நிரப்பியது போனிலேயே சேமிக்கப்படும்படியும் செய்தேன். மின்னஞ்சல் கேட்ட பெட்டியைத் தூக்கிவிட்டேன், யாரும் தேடவில்லை.

இப்போது மேனேஜருக்கு வரும் போன் பெரும்பாலும் விலை கேட்டுத்தான்.