தோற்ற செஸ் ஆட்டத்தை அலசும்போது செய்யக்கூடாதவை

செஸ் போட்டி நடக்கும் மண்டபத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பையன் தோற்றுவிட்டு முகம் வாடி வருவான். செருப்பைத் தேடி எடுப்பதற்குள், "ஏண்டா, குதிரை சும்மா போகுதே, கண்ணு தெரியலையா?" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். தோல்வியிலிருந்து கற்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அவன் கற்பது, தோற்றால் திட்டு விழும் என்பதை மட்டும். அடுத்த சுற்று இருந்தால் சாப்பிட வைத்து அனுப்புங்கள். அலசலை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாளும் எடுத்தவுடன் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலைத் திறக்காதீர்கள். எந்த நகர்த்தல் தவறு என்று எஞ்சின் காட்டும். அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று அதற்குத் தெரியாது. முதலில் நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு, எதைக் கணக்குப் போட்டோம், எதைப் பார்க்கவே இல்லை என்று கைப்பட எழுதுங்கள். அப்புறம் எஞ்சின். எழுதியதை வேறு யாரிடமாவது காட்டினால் இன்னும் நல்லது. 1957-இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960-இல் தாலிடமும் உலகப் பட்டத்தை இழந்து, இரண்டு முறையும் அடுத்த ஆண்டே மீட்டவர் சோவியத் ஆட்டக்காரர் பொத்வினிக். அலசல்களை அச்சில் வெளியிடுங்கள், மற்றவர்கள் குறை கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் சொன்ன வழி.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, முழுப் பழியையும் கடைசிப் பிழை மேல் போடுவது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். சாம்பியன் டிங் லிரெனும் குகேஷும் ஆளுக்கு 6.5 புள்ளிகள். வெள்ளையில் ஆடிய டிங் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்களும் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் குகேஷ் ஜெயித்தார். ஊரே அந்த எஃப்2-வைத்தான் பேசியது. ஆனால் டிங்கின் பிஷப் அதற்கு முன்பே ஏ8 மூலையில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே இல்லாமல் இருந்தால் வெட்டுக்குத் தப்பி விலகியிருக்கலாம். இன்னும் பின்னால் போனால், ஒரு சிப்பாய் குறைந்தாலும் டிரா ஆகிவிடும் என்று அவர் இறங்கிய கட்டம் வரும். கற்றுக்கொள்ள வேண்டியது எனக்கென்னவோ அங்கேதான் அதிகம் இருக்கிறது.

ஒரு தோல்விக்காக, வழக்கமாக ஆடும் தொடக்க நகர்த்தல்களையே மாற்றுவதும் வேண்டாம். அதே தொடரின் முதல் ஆட்டத்தில் ராஜா முன் சிப்பாயை நகர்த்தி, பிரெஞ்சு தடுப்பு என்ற கறுப்பின் தொடக்க முறைக்கு எதிராகத் தோற்ற குகேஷ், 13-வது ஆட்டத்தில் மறுபடி ராஜா முன் சிப்பாயைத்தான் நகர்த்தினார். டிங்கும் பிரெஞ்சுதான் ஆடினார். டிரா ஆனது.

அப்புறம், ஜெயித்த ஆட்டங்கள். அவற்றை யாரும் புரட்டுவதே இல்லை. எதிராளி கவனிக்காமல் விட்டதால் தப்பிய பிழைகள் அதில்தான் கிடக்கும். அடுத்து மோதுகிறவர் விடமாட்டார்.