ஒரு பலகை, இரண்டு நிறம்: ஜப்பானிய மர அச்சை வீட்டில் எடுப்பது எப்படி?

ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது தூரிகையால் தீட்டிய ஓவியம் அன்று. 1831 வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பலகையில் செதுக்கிக் காகிதத்தில் எடுத்த அச்சு. ஹொகுசாய் வரைந்து கொடுத்தார். செதுக்கியவர் ஹொரிஷி, நிறம் ஏற்றி அச்செடுத்தவர் சுரிஷி, முதல் போட்டு விற்றவர் ஹன்மோதோ. படத்தில் நாம் வியக்கும் ஒவ்வொரு கோடும் ஹொரிஷியின் கத்தி விட்டுவைத்தது. ஆனாலும் பெரும்பாலான அச்சுகளில் அவர் பெயர் இல்லை. எனக்கு இது இன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்தத் தொழிலை நீங்களே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். கத்தியைப் பிடித்த பிறகு அந்தப் படங்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

நால்வர் வேலையை ஒருவரே செய்யலாமா? செய்யலாம். 1904இல் யமமோட்டோ கனாயே என்ற ஜப்பானிய ஓவியர் ஒரு மீனவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்செடுத்தார். அதிலிருந்து ஒரு புதிய மரபே கிளம்பியது. நாமும் அந்த வழியில் போவோம். போஸ்ட் கார்டு அளவில் ஒரு மலை. கறுப்புக் கோடு, நீல வானம், அவ்வளவுதான்.

தேவையானவை

மரபில் மலைச்செர்ரி மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகை. நமக்கு இருபுறமும் வழவழப்பான, மென்மையான பிளைவுட் போதும். முன்பக்கம் கோட்டுக்கு, பின்பக்கம் நிறத்துக்கு. படத்தைவிட எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ஒரு செதுக்குக் கத்தி, ஒரு நகவுளி, ஒரு சிறிய தட்டை உளி. தண்ணீரில் கரையும் வாட்டர் கலர், கறுப்பு மை, அரிசி மாவில் காய்ச்சிய பசை. நிறம் பரப்ப, புதிய ஷூ பாலிஷ் பிரஷ் இரண்டு.

காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கோசோ மரப்பட்டை நாரில் செய்த வாஷி காகிதம் நனைந்தாலும் கிழியாது, தேய்த்தாலும் தாங்கும். நிறம் ஊறிப் பரவாமல் இருக்கப் பசையும் படிகாரமும் பூசிய தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தைத் தேய்க்கும் கருவிக்குப் பாரென் என்று பெயர். மூங்கில் மடலைக் கீறிக் கயிறாக முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, மேலே இன்னொரு மடலைப் போர்த்திக் கட்டிய உள்ளங்கை அளவுத் தட்டு. கயிற்றின் முடிச்சுகள்தான் நிறத்தைக் காகிதத்துக்குள் தள்ளுகின்றன. பழகுவதற்கு விலை குறைந்த பிளாஸ்டிக் பாரென் போதுமானது.

செதுக்குதல்

மெல்லிய காகிதத்தில் மையால் வரையுங்கள். பலகையில் பசையைக் கெட்டியாக, ஆனால் மிக மெல்லிதாகத் தடவி, படம் கீழே பார்க்கும்படி ஒட்டுங்கள். பசை தண்ணீராக இருந்தால் காகிதம் விரிந்து கோடு இடம் மாறிவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் விரல் நுனியால் பின்புறத்தை உருட்டி உருட்டி உரியுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் கோடு பளிச்சென்று தெரியும்.

கத்தியை முஷ்டியில் பிடித்து, மறுகையின் விரலால் அலகுக்கு வழிகாட்டுங்கள். அலகுக்கு முன்னால் கை ஒருபோதும் இருக்கக்கூடாது. கோட்டின் இருபுறமும் வெளிப்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும். அப்போதுதான் கோடு அடி அகன்று உறுதியாக நிற்கும். பிறகு மிச்ச மரத்தை நகவுளியால் எடுங்கள். மரபில் அகலமான இடங்களுக்கு உளியும் கொட்டாப்புளியும். எடோவின் பட்டறைகளில் முகத்தையும் கூந்தலையும் செதுக்க மூத்தவர்கள், உடையைச் செதுக்க இளையவர்கள் என்று பிரிவு உண்டு. நெற்றியோரத்து மயிரிழைகளைச் செதுக்கும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விளக்கின் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, ஒளியைக் கத்தி முனையில் குவித்து வேலை செய்தார்கள்.

கெந்தோ

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவதற்குக் காரணம் பலகையிலேயே வெட்டிய இரண்டு சிறிய படிகள். இவற்றுக்குத்தான் கெந்தோ என்று பெயர். உங்கள் பக்கத்து விளிம்பில், வலது மூலையில் காகிதத்தின் முனை உட்காரும் L வடிவ வெட்டு. இடதுபுறம் விளிம்பு முட்டும் ஒரு நேர்கோடு. ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும். 1765இல் ஓவியர் சுசுகி ஹருனொபுவின் பல வண்ண அச்சுகள் எடோவைக் கவர்ந்ததற்குப் பின்னால் இந்தச் சின்னப் படி இருக்கிறது.

கோட்டுப் பலகையில் கெந்தோவை வெட்டியதும், அதன் விளிம்பிலும் மை தடவி, அதையும் மூடும் அளவுக்குப் பெரிய மெல்லிய காகிதத்தில் ஓர் அச்சு எடுங்கள். அதைப் பின்பக்கத்தில் கவிழ்த்து ஒட்டி, வானத்தையும் கெந்தோவையும் அந்த அடையாளத்தின்படியே செதுக்குங்கள். அளவுகோலால் அளந்து வெட்டினேன் நான், முதல் முறை. பத்துத் தாளிலும் வானம் மலைக்குள் இறங்கியிருந்தது.

ஈரம்

அச்செடுப்பதற்கு முந்தைய இரவே காகிதத்தை நனைக்க வேண்டும். மூன்று தாளுக்கு ஒன்றை நீரால் தடவி, அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். காலையில் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. இந்தக் கலையின் உயிர் இங்கேதான். நிறம் காகிதத்தின் மேலே படிவதில்லை. ஈரமான நாருக்குள் இறங்குகிறது.

அச்செடுத்தல்

முதலில் கறுப்புக் கோடு. பலகையை நனைத்துத் துடைத்து, மையும் துளிப் பசையும் இட்டுப் பிரஷால் பரப்புங்கள். காகிதத்தின் முனையை வலது கெந்தோவில் வைத்து, இடதுபுறத்தை முட்டவிட்டு, மெல்ல இறக்குங்கள். மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பர் வைத்து, தோளின் எடை முழுதும் பாரெனில் விழும்படி தேயுங்கள். அச்சில் எள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் பசையோ அழுத்தமோ குறைவு. ஜப்பானிய அச்சர்கள் அதற்கும் எள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சில நேரம் அழகுக்காக வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. முதல் சில தாள்கள் மங்கலாகத்தான் வரும், பலகை நீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு வானம். ஈரத்துணியால் மலையோரத்தைத் துடைத்து, நீலத்தை மேல் ஓரத்தில் மட்டும் வைத்து, பிரஷைக் குறுக்காக முன்னும் பின்னும் ஓட்டினால் நிறம் கீழே கரைந்து மறையும். இதுதான் பொகாஷி. எடோ காலத்து அச்சு ஓவியர் ஹிரோஷிகேவின் வானங்களைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் இந்தியாவில் பயணம் செய்து, மதுரைக் கோயிலையும் மர அச்சாக்கிய யோஷிதா ஹிரோஷி, ஒரே படத்துக்குப் பல பத்து முறை நிறம் ஏற்றியவர். நமக்கு இரண்டு முறை போதும்.

எடுத்த தாள்களை அட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். பலகையைத் தண்ணீரில் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும், கெந்தோ இரண்டும் பயனற்றுப்போகும்.